71 பவுண்டு 2 ஷில்லிங்

1765இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டோனிங்டன் ஊரில் ஒருவர் தம்மைத் தாமே விலை கொடுத்து வாங்கி முடித்தார். எஜமானன் கேட்ட விலை 85 பவுண்டு. கடைசியில் கைமாறியது 71 பவுண்டு 2 ஷில்லிங். அப்போது அவருக்கு வயது 36. பெயர் வென்ச்சர் ஸ்மித். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1798இல், அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியெடுத்த 32 பக்கப் புஸ்தகம் ஒன்று நியூ லண்டனில் அச்சாயிற்று. அந்தப் புஸ்தகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் தடவை படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தொகை. இன்னாரிடம் இவ்வளவு கூலி, இன்ன படகில் இவ்வளவு லாபம், இன்னான் ஏமாற்றியதில் இவ்வளவு நஷ்டம். அடிமை ஒருவனின் சுயசரிதையில் வேறு என்னவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன். படித்த நண்பர் ஒருவர் 'இது கணக்குப் புஸ்தகம், இலக்கியம் இல்லை' என்றார். அன்றைக்கு நானும் ஆமோதித்தேன். இப்போது அந்த ஆமோதிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணங்களைச் சொல்ல வேண்டியது என் கடமை.

அவருடைய பெயரிலிருந்தே தொடங்கலாம். கினியில் டுகண்டாரா என்று தாம் குறிப்பிடும் இடத்தில் 1729 வாக்கில் பிறந்தபோது வைத்த பெயர் ப்ரோட்டீர். தகப்பன் ஒரு சிற்றரசன். படையெடுத்து வந்தவர்கள் சிறுவனைப் பிடித்துக் கடற்கரை வரை நடத்திக்கொண்டு போனார்கள். இன்றைய கானாவின் அனோமாபு துறையில், ரோட் ஐலண்டிலிருந்து வந்திருந்த கப்பலின் உக்கிராணக்காரன் ராபர்ட்சன் மம்ஃபோர்ட் அவனை வாங்கினான். விலை நாலு காலன் ரம்மும் ஒரு துண்டு காலிகோ துணியும். கப்பல் முதலாளியின் கணக்கில் சேராமல், தன் சொந்த முதலில் வாங்கிய சரக்கு என்பதால் பையனுக்கு 'வென்ச்சர்' என்று பெயரிட்டான். 'துணிந்து போட்ட முதல்' என்பதற்கான வியாபாரச் சொல் அது. ஆக, இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த பெயரே ஒரு பேரேட்டுப் பதிவு. அவருடைய புஸ்தகம் கணக்காக இருக்கிறதே என்று நாம் அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

அந்தத் துண்டுத் துணியும் நம்மைச் சும்மா விடாது. காலிகோ என்ற சொல் கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது. அந்தத் துண்டு எந்தத் தறியில் நெய்யப்பட்டதோ, அது இங்கே முக்கியமில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்கப் பயன்பட்ட சரக்குகளில் இந்தியத் துணிக்கு, குறிப்பாகச் சோழமண்டலக் கரைத் துணிக்கு, பெரிய இடம் இருந்தது என்பது சரித்திரம். இங்கிலாந்தில் 1721இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவும் விற்கவும் தடை வந்த பிறகும், ஆப்பிரிக்காவுக்கு மறு ஏற்றுமதி நிற்கவில்லை. புதுச்சேரியிலிருந்து போன நீலத்துணிக்குப் பெயரே 'கினி'. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை 1736இல் தொடங்குகிறார். ப்ரோட்டீர் கப்பலேறியது 1739 வாக்கில். ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி 1743இல் பிள்ளையின் நாட்குறிப்பு பேசுகிறது. ஆக இந்தக் கதை நடந்த உலகத்தின் ஒரு விளிம்பில் நம்முடைய கரையும் இருந்தது.

கப்பலில் ஏற்றியது 260 பேரை என்கிறார். நடுக்கடலில் அம்மை கண்டது. பார்படோஸில் இறங்கும்போது உயிரோடு இருந்தது சுமார் 200 பேர். இதையும் இரண்டு எண்களாகத்தான் சொல்கிறார். அவ்வளவுதான், மேலே நகர்ந்துவிடுகிறார்.

பிடிபட்ட பிறகு நடந்த ஒன்றை மட்டும் அவர் விரிவாகச் சொல்கிறார். எதிரிகள் தகப்பனைப் பிடித்து, பணத்தை எங்கே புதைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுச் சித்திரவதை செய்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. பையன் பார்த்துக்கொண்டிருக்க, அடிபட்டே செத்தார். பெட்டியைக் காப்பாற்றினார், உயிர் போயிற்று. இதற்குச் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு சம்பவம். அமெரிக்கக் கரை சேர்ந்ததும் மம்ஃபோர்ட் தன் பெட்டிகளின் சாவிகளைப் பையனிடம் கொடுத்து, நான் வரும் வரை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லிப் போகிறான். மம்ஃபோர்டின் தகப்பனே வந்து கேட்கிறார், மிரட்டுகிறார். பையன் கொடுக்கவில்லை. இரவில் சாவியைத் தன்னோடேயே வைத்துக்கொண்டு தூங்குகிறான். எஜமானன் திரும்பி வந்து மெச்சிக்கொள்கிறான்.

விசுவாசமான அடிமையின் கதை என்று இதை எடுத்துக்கொள்வது சுலபம். அச்சிட்டவர்களும் வாசகர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்த தகப்பனுக்கு மகன் செய்த கர்மம் அது. பெட்டி எவனுடையது என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். கேட்பவனிடம் கொடுக்காமலிருப்பது ஒன்றுதான் அவனுக்குத் தகப்பனிடமிருந்து வந்த ஆஸ்தி. பிற்காலத்தில் அவர் பணத்தைப் பிடித்துக்கொண்ட பிடிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் எப்படிச் சம்பாதிக்க முடியும்? எஜமானனுக்குச் சேர வேண்டிய பகல் வேலை முடிந்த பிறகு மிஞ்சும் துணுக்கு நேரங்களில். கனவான்களின் பூட்ஸைத் துடைத்தார். நீர்க்கரையில் கண்ணி வைத்துச் சிறு மிருகங்களைப் பிடித்தார். உருளைக்கிழங்கும் காரட்டும் போட்டார். இரவில் மீன் பிடித்தார். சேர்ந்த பணத்தை வட்டிக்கும் விட்டார். ஆனால் அடிமையின் கையிலுள்ள பணம் யாருடையது என்ற கேள்வி எப்போதும் தலைக்குமேல் தொங்கியது. எஜமானன் தாமஸ் ஸ்டாண்டனின் சகோதரன் ராபர்ட் அவரிடம் 21 பவுண்டு கடன் வாங்கிப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பின்னால் சண்டை வந்தபோது தாமஸ் ஸ்டாண்டன் அவருடைய பெட்டியை உடைத்துப் பத்திரத்தை எடுத்து அழித்துவிட்டான். பணமும் போயிற்று, சாட்சியும் போயிற்று. மறுபடியும் பெட்டி. இந்தத் தடவை அவரால் காப்பாற்ற முடியவில்லை.

அதே ஸ்டாண்டன் அவரை மண்டையில் கட்டையால் அடித்தபோது, அடித்த கட்டையையே எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார். இப்போதைக்குத் திரும்பிப் போ, மறுபடி அடித்தால் வா என்று அவர் அனுப்பிவிட்டார். கைவிலங்கு மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எஜமானியிடம் அந்த விலங்கைத் தங்க நகை என்று சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்தக் கசப்பான நகைச்சுவையை எந்த எழுத்தாளனும் பொறாமையோடுதான் பார்ப்பான்.

பிறகு இரண்டு கை மாறி 1760இல் ஆலிவர் ஸ்மித்திடம் வந்தார். ஸ்மித் அவர் தம்மைத் தாமே வாங்கிக்கொள்ளச் சம்மதித்தான். தானே எஜமானனின் சொத்து என்பதால் தன் பேரில் பத்திரம் வாங்கிக்கொள்வதில் பாதுகாப்பில்லை. ஆகவே சுதந்திரமான கறுப்பர் ஒருவரை நடுவில் வைத்து அவர் பேரில் பத்திரம் எழுதச் செய்தார். முதல் பத்திரம் கிழிந்ததில் கற்ற பாடம். குளிர்காலங்களில் வெளியே கூலிக்குப் போக ஸ்மித் அனுமதித்தான். சம்பாதித்ததில் கால் பங்கு எஜமானனுக்கு. மிச்சத்திலிருந்து தவணை கட்டினார். தன் உழைப்பை ஏற்கனவே சொந்தமாக்கிக்கொண்டவனுக்கு, அதே உழைப்பின் கூலியைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொள்வது. இதிலுள்ள அபத்தம் அவருக்குத் தெரியாததல்ல. கொடுத்த தொகை கொள்ளை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மூச்சுவிட நிற்கவுமில்லை. மனைவி மெக்கும் பிள்ளைகளும் இன்னும் ஸ்டாண்டனிடம் இருந்தார்கள்.

விடுதலைக்குப் பின் லாங் ஐலண்டில் செய்த வேலையின் அளவைச் சொல்கிறார்: ஆறு மாசத்தில் 400 கார்டுக்கு மேல் விறகு. கார்டு என்பது எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் கொண்ட அடுக்கு. 400 கார்டை வரிசையாக வைத்தால் அரை மைலைத் தாண்டும். நாட்டுத் துணி, மட்டமான சாப்பாடு, கட்டிலில்லாமல் பாய்ப் படுக்கை, குடி கிடையாது. இப்படிச் சேர்த்து நாலு வருஷத்தில் இரண்டு மகன்களை, சாலமனையும் கஃபையும், தலைக்கு 200 டாலர் கொடுத்து வாங்கினார்.

மனைவியை விட்டுவிட்டு மகன்களை ஏன் முதலில்? மகன்கள் கூலிக்குப் போவார்கள். அந்தக் கூலி அடுத்தவரை மீட்க உதவும். இதுதான் அந்த வரிசைக்குப் பின்னாலுள்ள ஈரமற்ற தர்க்கம். பிறகு முப்பது டன் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆள் வைத்து, ரோட் ஐலண்டுக்கு விறகு ஏற்றி ஒரு வருஷத்துச் சொச்சத்தில் 100 டாலருக்கு மேல் லாபம் பார்த்தார். தர்பூசணி போட்டு, மாலுமிகள் திருடியது போக, கிட்டத்தட்ட 500 டாலர். இரவில் விலாங்குக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு வைத்தார். ஏழு மாசம் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனார். 44ஆம் வயதில் மெக்கை 40 பவுண்டுக்கு வாங்கினார். அவள் அப்போது கர்ப்பிணி. அதனால் இன்னொரு குழந்தையைத் தனியாக விலைக்கு வாங்கும் செலவு மிச்சம் என்று சொல்கிறார். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற நியதியின் மொத்தக் குரூரமும் இந்த ஒரு சிக்கனக் கணக்கில் அடங்கிவிடுகிறது. ஒரு அத்தியாயம் எழுதி இதைவிட அதிகமாகச் சொல்ல முடியாது.

இனி, என் நண்பரைக் கோபப்படுத்திய இடத்துக்கு வருகிறேன். மூத்த மகன் சாலமனை ஒருவனிடம் ஒரு வருஷக் கூலிக்கு 12 பவுண்டுக்கு அமர்த்தினார். அந்த ஆள், கூலியோடு ஒரு ஜோடி வெள்ளிக் கொக்கியும் தருவதாக ஆசை காட்டிப் பையனைத் திமிங்கில வேட்டைக்கு அனுப்பிவிட்டான். செய்தி கேட்டுத் தகப்பன் ஓடினார். கடலில் வெகு தூரத்தில் கப்பல் தெரிந்தது, அவ்வளவுதான். சாலமன் திரும்பவில்லை. ஸ்கர்வி நோயில் கடலிலேயே செத்தான். கூலியும் வரவில்லை. மகன் உயிர் போனது தவிர 75 பவுண்டு நஷ்டம் என்று முடிக்கிறார் வென்ச்சர் ஸ்மித்.

பிள்ளை செத்ததற்குப் பக்கத்தில் 75 பவுண்டா? மனிதனா இவன்? நண்பர் கேட்ட கேள்வி இது. நான் பதில் சொல்லச் சில வருஷம் ஆயிற்று. அந்த 75 பவுண்டு எது என்று யோசித்தேன். மகனுக்காகக் கொடுத்த 200 டாலரும் வராத கூலியும் அதில் இருக்கின்றன. அந்த 200 டாலர் எங்கிருந்து வந்தது? விறகிலிருந்து, பாய்ப் படுக்கையிலிருந்து, சாப்பிடாத சாப்பாட்டிலிருந்து. அந்தப் பணம் அவர் உடம்பிலிருந்து நேராக வெட்டியெடுத்தது. மகனைச் சட்டம் அவருக்குக் கொடுத்ததே அந்தத் தொகைக்கு எதிராகத்தான். நம்மில் எவனும் தன் மகனைத் தகப்பன் என்ற பாத்தியதையால் வைத்துக்கொள்கிறான். அவருக்கு அந்தப் பாத்தியதை இல்லை, ரசீது இருந்தது. சாலமன் செத்தபோது துக்கத்தை அவர் ரசீதில் எழுதினார் என்றால், எழுத அவருக்கு விடப்பட்டிருந்த காகிதம் அது ஒன்றுதான். மெக்கின் வயிற்றிலிருந்து பிறந்த அடுத்த மகனுக்கும் சாலமன் என்றே பெயரிட்டார்கள். இதைப் புஸ்தகமே சொல்கிறது. கணக்கில் ஏறாதவையும் அந்த வீட்டில் இருந்தன.

ஆனாலும் அவரைப் புனிதராக்கிவிட நான் விரும்பவில்லை. அவர் மூன்று கறுப்பர்களை விலைக்கு வாங்கினார். ஒருவனை 60 பவுண்டுக்கு, அவனுக்கு ஒத்தாசையாக என்றே சொல்கிறார். அவன் 20 டாலர் திருப்பிக் கட்டிவிட்டு ஓடிப்போனான். இன்னொருவனை 400 டாலருக்கு. அவன் பழைய எஜமானனிடமே போக விரும்பியதால் விட்டுவிட்டார். மூன்றாமவனை 25 பவுண்டுக்கு வாங்கிச் சீக்கிரமே பிரிந்தார். பின்னால் கணக்குக் கூட்டும்போது தம்மையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அந்த மூன்று பேரையும் சேர்த்து, எல்லோரையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டதாக ஒரே வினைச்சொல்லில் சொல்கிறார். அவர்கள் உழைத்துக் கடனை அடைத்துத் தம்மைப் போலவே விடுதலையாக வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. அவர்களோ ஓடினார்கள். 1754இல் இவரும்தான் ஓடினார், கூட வந்தவன் திருடியதால் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தாமே திரும்பி வந்தார். தாம் நடந்த பாதை ஒன்றே பாதை என்று நினைக்கும் மனிதரின் கண்மூடித்தனம் இங்கே இருக்கிறது. மீட்டவனும் வாங்கியவன்தான். ஓடியவனுக்கு அவர் இன்னொரு எஜமானன். கணக்கு மொழியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லை. அந்த மொழியின் எல்லை இது, அவருடைய எல்லையும் இதுதான்.

லாங் ஐலண்டில் அவர் இருந்த பகுதியில் கறுப்பர்களை வெளியேற்ற ஊர் நிர்வாகிகள் தீர்மானம் போட்டபோது, சொத்து இருந்ததால் தப்பினார். 46ஆம் வயதில் மகள் ஹன்னாவை 44 பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு கனெக்டிகட் நதிப் பக்கம் ஈஸ்ட் ஹாடத்துக்கு வந்தார். முதலில் கூலி வேலை, பிறகு பத்து ஏக்கர், பிறகு மேலும் மேலும். கடைசியில் 100 ஏக்கருக்கு மேல் நிலம், குடியிருக்கத் தக்க மூன்று வீடுகள். காலப்போக்கில் வாங்கி ஓட்டிய படகுகள் இருபதுக்குக் குறையாது. நதியில் சரக்குப் போக்குவரத்து, விறகு, மீன். அந்தச் சுற்று வட்டாரத்தில் வெள்ளைக்காரர்களும் கடன் கேட்டு வரும் ஆளாக நின்றார்.

இங்கே முடித்திருந்தால் வெற்றிக் கதை. அவர் முடிக்கவில்லை. நதியில் ஓர் இந்தியனின் படகில் பிரயாணியாகப் போகும்போது, எலிஷா ஹார்ட் என்ற கேப்டனுக்குச் சொந்தமான வெல்லப்பாகுப் பீப்பாய் ஒன்று தண்ணீரில் விழுந்து போயிற்று. படகுக்காரனிடம் பைசா இல்லை. ஹார்ட் பிரயாணியின் மேல் வழக்குப் போட்டான், ஏனென்றால் பிரயாணியிடம் பணம் இருந்தது. 10 பவுண்டும் கோர்ட்டுச் செலவும் கட்ட நேர்ந்தது. ஹார்ட் பிறகு தெருவில் பார்த்தபோதெல்லாம் கேலி செய்தான். முப்பத்திரண்டு பக்கத்திலும் அவர் குரலை உயர்த்துவது இங்கேதான். ஜெயித்தவன் வெள்ளைக்காரக் கனவான், தோற்றவன் ஏழை ஆப்பிரிக்கன், ஆகவே எல்லாம் நியாயமாகிவிட்டது என்று சீறுகிறார். தம்மை நாய் என்று அவர்கள் நினைப்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறார்.

பிள்ளை செத்தபோது உயராத குரல் பீப்பாய்க்கு ஏன் உயர்ந்தது? கணக்கு என்பது இரு தரப்பும் சமம் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். யார் கையெழுத்து என்று எண் பார்ப்பதில்லை. அடிமைச் சந்தை அவரை ஓர் எண்ணாக்கியது. அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு அவர் மேலே ஏறினார்: விலை சொன்னார்கள், கொடுத்தார், ஆகவே இப்போது நான் உங்களுக்குச் சமம். ஏறி முடித்த இடத்தில் கோர்ட்டு சொல்கிறது, எண்ணுக்கும் நிறம் உண்டு என்று. போனது 10 பவுண்டு மட்டுமல்ல, அறுபது வருஷம் அவர் நம்பி வாழ்ந்த ஒரே நியாயம். சாவை இயற்கை என்று விழுங்கிக்கொள்ளலாம். கள்ளத் தராசை விழுங்க முடியாது.

சொன்னதை எழுதியவர் எலிஷா நைல்ஸ் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் என்பது வழிவழியாக வரும் செய்தி. முன்னுரை இவரை ஃபிராங்க்ளினோடும் வாஷிங்டனோடும் ஒப்பிடுகிறது. படிப்பும் வாய்ப்பும் கிடைத்திருந்தால் இவர் அவர்களைப் போல் ஆகியிருப்பார் என்ற தொனியில். பாராட்டுத்தான். ஆனால் ஃபிராங்க்ளின், வாஷிங்டன் இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதை முன்னுரை நினைத்துப் பார்க்கவில்லை. உழைத்தால் உயரலாம் என்பதை ஃபிராங்க்ளின் பூஜ்யத்திலிருந்து தொடங்கிச் சொல்ல முடிந்தது. வென்ச்சர் ஸ்மித் பூஜ்யத்துக்கு வந்து சேரவே 71 பவுண்டு 2 ஷில்லிங் கொடுக்க வேண்டியிருந்தது. கனெக்டிகட்டில் 1784இல் வந்த சட்டம் அதற்குப் பின் பிறக்கும் குழந்தைகளை 25 வயதில் விடுவிப்பதாகச் சொன்னது. அடிமைமுறை முற்றாக ஒழிய அங்கே 1848 ஆயிற்று.

நம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குத் தீட்டு என்று நினைக்கிறோம். ஏழ்மையைப் பற்றி எழுதுகிறோம், ஆனால் எத்தனை ரூபாய் என்று எழுதுவதில்லை. அரிசி விலை, வட்டி விகிதம், அடகுச் சீட்டின் தேதி இவையெல்லாம் கதையில் வந்தால் கலை குறைந்துவிடும் என்ற பயம். நூறு சந்தா வராமல் நின்றுபோகும் பத்திரிகைகளின் கணக்கைக்கூட நாம் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சம் உண்மையில் மேல்சாதிக் கூச்சம். பணத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது, அது எப்போதும் வீட்டில் இருந்தவனுக்குச் சாத்தியமான நாகரிகம். தன் உடம்புக்கே விலைச்சீட்டு ஒட்டப்பட்டவனுக்கு அந்த நாகரிகம் கட்டுப்படியாகாது. கணக்குப் புஸ்தகம் என்று என் நண்பர் ஒதுக்கியபோது நான் தலையாட்டியது இந்த நாகரிகத்தினால்தான்.

1805இல் வென்ச்சர் ஸ்மித் இறந்தார். கடைசி வருஷங்களில் கண் மங்கி, உடம்பு கூனிவிட்டது. மெக் 1809 வரை இருந்தாள். ஈஸ்ட் ஹாடம் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் கல் இருக்கிறது. அவருடைய கல்லில் அரசனின் மகன் என்றும், கடத்தி விற்கப்பட்டவர் என்றும், தம் உழைப்பால் பணம் சேர்த்துச் சுதந்திரத்தை வாங்கியவர் என்றும் வெட்டியிருக்கிறார்கள். கல்லறைக் கல்லில் பக்தியும் நற்குணமும் பேசுவார்கள். இங்கே பணம் என்ற சொல் நிற்கிறது. அது அந்த இடத்தில் இருக்க வேண்டிய சொல்தான்.